சாண்ட்விச்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சி, சீஸ், காய்கறி முதலியவற்றை வைத்துக் கையிலேந்தி உண்ணும் உணவு சாண்ட்விச் எனப்படும். ரொட்டியோடு பிறவற்றைச் சேர்த்து மடித்து உண்ணும் வழக்கம் மிகப் பழையது, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த யூத அறிஞர் ஹில்லேல், பஸ்கா விழாவில் ஆட்டிறைச்சியையும் கசப்புக் கீரையையும் புளிப்பில்லாத அப்பத்தோடு சேர்த்து உண்டார் என்று யூத மரபு கூறும்.

இன்றைய பெயர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றியது. கென்ட் பகுதியிலுள்ள சாண்ட்விச் என்னும் ஊரின் பெயரால் அமைந்த பிரபுப் பட்டத்தை நான்காமவராகப் பெற்றிருந்த ஜான் மாண்டேகு (1718–1792), சீட்டாட்ட மேசையைவிட்டு எழ மனமின்றி இவ்வுணவைக் கேட்டு வாங்கி உண்டார் என்பது பரவலான கதை. அதற்கு மூலமாகக் காட்டப்படுவது, 1765இல் லண்டனுக்கு வந்த பியேர் ழான் குரோஸ்லி என்னும் பிரெஞ்சுக்காரர் 1770இல் வெளியிட்ட நூலாகும். அதிலும் அமைச்சர் ஒருவர் என்றுதான் இருக்கிறதேயன்றிப் பெயர் இல்லை. கடற்படை நிர்வாகத்தை நடத்திய மாண்டேகு, அலுவல் மேசையில் அமர்ந்தபடி உண்டிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று அவர் வரலாற்றை எழுதிய என்.ஏ.எம். ராட்ஜர் கருதுவது ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. எவ்வாறாயினும், வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் 1762 நவம்பர் 24ஆம் நாள் எழுதிய நாட்குறிப்பில் இவ்வுணவின் பெயர் வருவதால், குரோஸ்லி வருவதற்கு முன்பே அது லண்டன் கனவான்களிடையே வழங்கிவந்தமை உறுதி. குரோஸ்லி குறிப்பிடும் ரொட்டி வாட்டப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. வாட்டிய சாண்ட்விச் பிற்காலப் புதுமை என்று கருதுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

பாரிஸ் உணவகங்களில் 1910 அளவில் அறிமுகமான குரோக் மெசியு, பன்றித்தொடை இறைச்சியும் சீஸும் வைத்துச் சூடாகப் பரிமாறப்படுவது. அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் உருவாக்கிய இயந்திரத்தால் 1928இல் சீராக வெட்டிய ரொட்டி கடைக்கு வந்தபின், ஒரே கனமுள்ள துண்டுகள் எளிதில் கிடைத்தன. மும்பைத் தெருக்கடைகளில் வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பீட்ரூட் ஆகியவற்றைப் பச்சைச் சட்னியோடு அடுக்கி, நீண்ட பிடியுள்ள உலோக அச்சில் இறுக்கி நெருப்பில் காட்டுகின்றனர்.

இம்மும்பை வகையை வீட்டில் தோசைக்கல்லிலேயே செய்யலாம். ரொட்டியின் உட்புறத்தில் முதலில் வெண்ணெய் தடவி, அதன்மேல் கொத்தமல்லி, புதினா, பச்சைமிளகாய், எலுமிச்சைச்சாறு சேர்த்துக் கெட்டியாக அரைத்த சட்னியைப் பூச வேண்டும். வெண்ணெயிலுள்ள கொழுப்பு, சட்னியின் ஈரம் ரொட்டியில் விரைந்து ஊறாமல் தடுக்கும். தக்காளியின் விதைப்பகுதியை நீக்குவதும் இதன்பொருட்டே. காய்கறி வில்லைகளை மெல்லியதாக அடுக்கிச் சாட் மசாலாவும் துருவிய சீஸும் தூவி மூடி, வெளிப்புறம் விளிம்புவரை வெண்ணெய் தடவிச் சிறுதீயில் இட்டு, தட்டையான கனமான பாத்திரத்தால் மெல்ல அழுத்தி இருபுறமும் சிவக்க வாட்ட வேண்டும். ரொட்டியின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 பாகை செல்சியஸைத் தாண்டும்போது, அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. மையார்டு வினை எனப்படும் இது விரைந்து நடைபெறுவதால், தீ மிகுந்தால் சீஸ் உருகுமுன்பே ரொட்டி கருகிவிடும். வாட்டியதைத் தட்டில் வைத்து மூடினால் நீராவி பட்டு நமத்துப்போகும்; கம்பித்தட்டில் ஒரு நிமிடம் ஆறவிட்டுக் குறுக்கே வெட்டி உடனே பரிமாறுவதே முறை.