ஆய்வுகூடத்தின் வாயில்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், முன்னாளில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி வெள்ளவத்தையிலுள்ள என் இல்லத்துக்கு வந்தாள். உயிரியல் மருத்துவத் துறையில் உயர்பட்டத்துக்காக ஆய்வு செய்பவள். வேண்டிய கருவிகள் அவளுடைய பிரிவில் இல்லை. பல நிறுவனத்தாரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஆய்வுகூடம் ஒன்றில் அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. "ஒரு சிபார்சுக் கடிதம் தருவீர்களா, சேர்?" என்றாள். நானோ கலைப்பட்டதாரி. ஆயினும் சிபார்சுக் கடிதம் எழுதுவதில் ஓர் அதிபருக்கு இல்லாத பழக்கமா? எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தவள், அக்கடிதத்தை அங்கே ஒருவரும் கேட்கவேயில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படியாயின் ஆய்வுகூடத்தின் கதவைத் திறப்பதுதான் எது? அந்தக் கேள்வி என்னைப் பழைய வரலாற்றின்பால் இட்டுச் சென்றது.

இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில், டி சொய்சா குடும்பத்தாரின் கொடையினால் கொழும்பில் ஒரு பற்றீரியாவியல் நிறுவகம் எழுந்தது. அதுவே வளர்ந்து இன்று பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமாக விளங்குகின்றது. 1903ஆம் ஆண்டில் அங்கே பணியேற்க வந்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்னும் இளம் இத்தாலியர். இலண்டனில் வெப்பவலய மருத்துவம் பயின்று, உகண்டாவில் உறக்கநோயை ஆராய்ந்துவிட்டு வந்தவர். அவருக்குக் கதவைத் திறந்தது குடியேற்ற அரசாங்கத்தின் நியமனம். நியமனம் பெற்றவர் கையில் நுணுக்குக்காட்டி, மற்றவர்க்கு வாசற்படி. அக்கால ஒழுங்கு பெரும்பாலும் அதுவே.

எனினும் அந்த நுணுக்குக்காட்டி வீணாகவில்லை. நம் நாட்டுக் கிராமங்களில் 'பறங்கி' என்று வழங்கிய கொடிய புண்நோய் ஒன்று இருந்தது. 1905இல் பேர்லினில் ஷௌடின், ஹோஃப்மன் என்னும் இருவரும் மேகநோய்க்குரிய சுருள்வடிவக் கிருமியைக் கண்டார்கள். அதே ஆண்டிலே காஸ்டெல்லானி கொழும்பில் இருந்துகொண்டு, பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த நீரில் அதையொத்த வேறொரு கிருமியைக் கண்டறிந்தார். மருத்துவ உலகம் கொழும்பைத் திரும்பிப் பார்த்த ஆண்டு அது.

இங்கே சற்று நிற்க வேண்டும். காஸ்டெல்லானிக்கு நியமனம் இருந்தது. புண்ணைக் காட்டிய ஏழை நோயாளிக்கு என்ன இருந்தது? எழுத்திலே சம்மதம் பெறும் விதி அந்நாளில் இங்கு இல்லை. இதே நோயை ஆராய்ந்த சார்லூயி என்பவர் 1881ஆம் ஆண்டளவில் ஜாவாத் தீவிலே 32 சீனக் கைதிகளின் உடலில் இந்நோயை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தார். கைதி மறுக்கவா முடியும்? ஆய்வாளன் உள்ளே செல்லும் வழியைப் பற்றி நூல்கள் நிறையப் பேசுகின்றன. நோயாளியின் இரத்தம் உள்ளே சென்ற வழியைப் பற்றி அவை பேசுவது அரிது.

நியமனம் இல்லாதார் என்ன செய்தனர்? பின்னாளில் இந்தியாவுக்கு வந்து வாந்திபேதிக்கும் பிளேக் நோய்க்கும் தடுப்பூசி தந்த ஹாஃப்கின் என்னும் அறிஞர், பாரிசிலுள்ள பாஸ்ச்சர் நிறுவகத்தில் முதலிற் பெற்ற பதவி நூலகர் பதவிதான்! வேறு இடம் காலியாக இருக்கவில்லை. புத்தகங்களை ஒழுங்குசெய்த கை ஓய்வு நேரத்திலே கிருமியை வளர்த்தது. இதற்கு முன்னரே, 1870களில், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரக் கடற்கரையில் அன்ரன் டோர்ன் என்னும் விலங்கியலாளர் புதுவழி ஒன்றைக் கண்டிருந்தார். தமது நிலையத்திலுள்ள மேசைகளை அரசாங்கங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆண்டு வாடகைக்கு விட்டார். வாடகை செலுத்தியவர் யாரை அனுப்பினாலும் அவருக்கு மேசையும், கடல்நீரும், உயிரினங்களும், இரசாயனப் பொருள்களும் கிடைக்கும். அமெரிக்கப் பெண்மணிகள் சங்கம் அமைத்து, பெண் ஆய்வாளருக்கென்றே ஒரு மேசையை வாடகைக்கு எடுத்த செய்தியும் உண்டு. பொது ஆய்வுகூடம் என்னும் எண்ணத்துக்கு அந்த மேசைகள் ஒரு நல்ல தொடக்கம் என்பேன்.

மீண்டும் கொழும்புக்கு வருவோம். 1914இல் பிளேக் நோய் இந்நகரை எட்டிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள புறக்கோட்டைத் தானியக் கிடங்குகள் அச்சத்துக்கு இடமாயின. மாநகரசபையின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹேர்ஸ்ற் என்பவரின் கூடத்துள் அப்போது நுழைந்தவை எலிகள். எலிகளின் உடலிலிருந்த தெள்ளுகளை அவர் இனம்பிரித்தார். இந்தியாவில் நோயைப் பரப்பிய 'கியோப்பிஸ்' இனத்தைவிட, அஸ்ரியா என்னும் வேறோர் இனமே கொழும்பில் மிகுந்திருக்கக் கண்டார். நோயைக் கடத்துவதில் அது திறன் குறைந்தது. இந்தியாவிற் போல இங்கே நோய் நாடெங்கும் பரவாமைக்கு இதனை ஒரு முக்கிய காரணமாக அவர் எடுத்துக் காட்டினார். சென்னை நகரம் பெரும்பாலும் தப்பியதற்கும் இதே விளக்கம் சொல்லப்பட்டது. தெள்ளுக்குப் பெயர் வைப்பது பயனற்ற வேலை என்று எண்ணுவோர் இதனைக் கேட்கவேண்டும்.

இன்றைய வழி வேறு. 1964இல் ஹெல்சிங்கி நகரில் உலக மருத்துவச் சங்கம் மனிதர்மீதான ஆய்வுக்கு நெறி வகுத்தது. 1975இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுத் திட்டத்தைத் தனியொரு குழு பார்வையிட வேண்டும் என்று சேர்த்தது. ஆகவே என் மாணவியிடம் கேட்கப்பட்டவை இவை: எழுதிய ஆய்வுத் திட்டம், பொறுப்பேற்கும் மேற்பார்வையாளர், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, கிருமிகளோடு பழகுவதற்கான பாதுகாப்புப் பயிற்சி. அதன்பின்னரே கருவிக்கு நாளும் நேரமும் குறித்துக்கொடுப்பார்களாம். பதிவேட்டில் அவளுக்கு முன்னர் பேராசிரியர் ஒருவரின் பெயர் இருந்தால், அவர் முடிக்கும்வரை இவள் காத்திருக்க வேண்டும். இவள் பெயர் முன்னே இருந்தால் அவர் காத்திருப்பார். இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

என் கடிதம் பயன்படாவிடினும் நான் பயன்பட்டேன். நோயாளர் கையொப்பமிடும் சம்மதப் படிவத்தின் தமிழ் வடிவத்தைப் பார்த்துத் தருமாறு அவள் கேட்டாள். மூன்று பக்கம்; இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. எனினும் கொட்டாஞ்சேனையிலுள்ள என் மாமியாருக்கு அதனை வாசித்துக் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். "இரத்த மாதிரி எடுக்கப்படும்" என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

"இரத்தம் மாதிரியெண்டா, அது இரத்தமில்லையோ, தம்பி?"

அவ்வரியை அடித்துவிட்டு, "உங்கள் கையிலிருந்து ஒரு தேக்கரண்டி அளவு இரத்தம் எடுப்போம்" என்று எழுதினேன். தொடர்ந்து வாசித்தேன்.

"வேண்டாமெண்டு சொன்னா விடுவினமோ?"

"விடுவினம் மாமி. அதுவும் எழுதியிருக்கு."

"எங்க?"

மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. அதை எடுத்து முதற்பக்கத்தின் தலையில் வைத்து, மறுநாள் காலையில் மாணவியிடம் கொடுத்தனுப்பினேன்.