ஒரே கட்டத்துக்குள் ஒரு நகரம்

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள வானிலை மைய வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு எழுப்பிய வானாய்வகத்தின் எச்சம் அது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். விண்மீன்களைக் காண வந்தவர்கள் காற்றையும் அளந்தார்கள். ஜான் கோல்டிங்ஹாம் 1796 முதல் காற்றழுத்தத்தைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளைக் கொண்டு சென்னையின் காற்றழுத்த வரலாற்றை ஆய்வாளர்கள் 2002இல் மீட்டமைத்தனர். நடந்ததைச் சரியாகச் சொல்லாத காலநிலை மாதிரி, வரப்போவதைச் சொன்னால் யார் நம்புவது? அதற்கு இத்தகைய பழங்குறிப்புகளே உரைகல்.

ஆயினும் மாதிரிக்கு ஓர் எல்லை உண்டு. உலகளாவிய மாதிரிகள் புவியைக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் 100 கிலோமீட்டர் அளவில் இருக்கும். மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் அதற்குள் அடங்கிவிடும். மாட வீதி மாடிவீடும் ஆற்றோரக் குடிசையும் அங்கே ஒன்றுதான். எவ்வளவு சூடேறும் என்பதை அது சொல்லும். சுமையை யார் ஏற்பது என்பதை நாம்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த வேறுபாட்டை உரக்கச் சொன்னது 1991இல் டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய சிறுநூல். வாஷிங்டனின் உலக வள நிறுவனம் முந்திய ஆண்டில் வெளியிட்ட கணக்கு, இந்தியாவைப் பெரும் உமிழ்வாளர் வரிசையில் நிறுத்தியிருந்தது. நெல்வயலின் மீத்தேனையும் மேலைநாட்டுக் காரின் புகையையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று இருவரும் கேட்டனர். வாழ்வதற்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு. கடலும் காடும் உறிஞ்சும் பங்கை மக்கள்தொகைப்படி பகிர வேண்டும் என்றனர். முப்பதாண்டுப் பேச்சுவார்த்தைகளில் அந்தக் கேள்விக்கு இன்னும் நேர்விடை வரவில்லை என்பதே நம் கணிப்பு.

நாடுகளுக்கு இடையே நாம் எழுப்பும் அதே கேள்வியை நகரத்துக்குள் எழுப்பத் தயங்குகிறோம். 1920களில் மாம்பலத்துப் பெரிய ஏரியை வற்றவைத்தே தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையின் பெயரில் மட்டும் ஏரி மிஞ்சியிருக்கிறது. ஏரிமேல் குடியேறிய நம்மை எவரும் ஆக்கிரமிப்பாளர் என்றதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அப்பெயர் அடையாற்றுக் கரைக் குடிசைவாசிகளுக்கே வாய்த்தது. அவர்களில் பலரைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். 2023இல் மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரும்பாக்கத்தையும் வெள்ளம் சூழ்ந்தது.