மைனர்களின் சிகிச்சைச் சம்மதம்

மைனர்களின் சிகிச்சைச் சம்மதம் என்பது, 18 பிராயம் பூர்த்தியாகாதவருக்குச் சிகிச்சை அளிக்குமுன் பெற்றோரிடமோ சட்டபூர்வமான பாதுகாவலரிடமோ பெறவேண்டிய அனுமதியையும், அதற்குரிய விலக்குகளையும் குறிக்கும்.

பொது விதிகள்: இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. வயது வரம்பை 1875-ஆம் ஆண்டின் மேஜர் வயதுச் சட்டம் நிர்ணயித்தது. 12 பிராயத்திற்குட்பட்ட குழந்தையின் சம்மதம் சாதாரணமாகச் செல்லாதென்றும், அதன் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் காரியத்திற்குப் பாதுகாவலரின் சம்மதம் போதுமென்றும், அதைப் பெற அவகாசமில்லாத அவசரத்தில் அதுவும் தேவையில்லையென்றும் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வகுத்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் தொடர்கின்றன. 12 முதல் 18 வரையிலான பிராயத்தினர் விஷயத்தில் தெளிவான பொதுவிதி இன்மையால், மருத்துவமனைகள் பெற்றோரின் கையொப்பத்தையே கோருகின்றன.

சிறப்பு விதிகள்: மைனரின் கருக்கலைப்புக்குப் பாதுகாவலரின் எழுத்துமூலமான சம்மதம் அவசியம் (1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம்). குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி (2012), பாதிக்கப்பட்ட குழந்தையின் மருத்துவப் பரிசோதனை, பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க நடைபெறவேண்டும். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். மைனரும் பாதுகாவலரும் வேண்டினால், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவர் போக்சோ சட்டப்படி போலீசுக்கு அளிக்கும் தகவலில் மைனரின் பெயரை வெளியிட வேண்டியதில்லையென உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது.

நடைமுறை: சம்மதப் படிவத்தில் பாதுகாவலரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, உறவுமுறை, சாட்சியின் கையொப்பம் ஆகியவை பதிவாகும். திருவாலங்காடு போன்ற கிராமப்புறங்களில் பெற்றோர் அருகிலிருப்பது இயல்பு; வெளிமாநிலத்தவர் மிகுந்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலோ, பெற்றோர் தொலைவிலுள்ள இளந்தொழிலாளி விபத்துற்றால், அவசர விதியே மருத்துவருக்கு ஆதாரமாகும்.