கத்திரி வெயிலில் கார் கொதித்தால்... ரேடியேட்டர் மூடியை தொடாதீங்க!

சென்னை-

கத்திரி வெயில் தொடங்கி விட்டால் சென்னையில் மனிதர்களோடு சேர்ந்து கார்களுக்கும் காய்ச்சல் வந்து விடுகிறது. தி.நகர் உஸ்மான் ரோடு, மயிலாப்பூர் லஸ் கார்னர், அடையாறு மத்திய கைலாஷ் சந்திப்பு போன்ற இடங்களில் பானெட்டை தூக்கி வைத்துக்கொண்டு ஆவி பறக்க நிற்கும் கார்களை மே மாதத்தில் சாதாரணமாக பார்க்கலாம். பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் சத்தம் வேறு காதை பிளக்கும்.

அந்த அவசரத்தில் செய்யும் ஒரு தப்பு, முகத்தையும் கையையும் வேக வைத்து விடும். இன்னொரு தப்பு, என்ஜினையே காலி செய்து விடும். கால்டாக்சி ஓட்டி பிழைப்பவர் என்றால் பல நாள் கலெக்‌ஷன் ஒரே பில்லில் போய்விடும். கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் இரண்டையும் தவிர்க்கலாம்.

வெயில் மட்டும் காரணம் இல்லை

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003-ம் ஆண்டு மே மாத கடைசியில் 113 டிகிரி (45 டிகிரி செல்சியஸ்) வெயில் பதிவானது. மதியம் கடல்காற்று வர தாமதமானால் இப்போதும் வெயில் 100 டிகிரியை சுலபமாக தாண்டி விடுகிறது.

ஆனால் காரின் என்ஜின் தண்ணீர் மார்கழி மாதத்திலேயே 90 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதனால் நல்ல நிலையில் உள்ள கார் கத்திரி வெயிலையும் தாங்கும். ஏற்கனவே உள்ளே இருக்கும் சின்ன கோளாறை வெயில் வெளியே கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

வண்டி ஓடும்போது எதிர்காற்று ரேடியேட்டர் சூட்டை குறைக்கும். டிராபிக்கில் நின்றால் காற்று கிடையாது. மின்விசிறி ஒன்றுதான் கதி. ஏ.சி.யின் கண்டென்சரும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. அந்த சூடும் சேர்ந்து கொள்ளும். 2-ம் கட்ட மெட்ரோ ரெயில் பணிகள் தொடங்கிய பிறகு மயிலாப்பூர், அடையாறு, பனகல் பார்க் பகுதிகளில் சாலைகள் குறுகி, வண்டிகள் ஊர்ந்து செல்லும் நிலை ஏற்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில்தான் என்ஜின் கொதிக்கும்.

முள் ஏறினால் உடனே செய்ய வேண்டியது

1. ஏ.சி.யை ஆப் செய்யுங்கள். ஜன்னல்களை இறக்குங்கள்.

2. ஹீட்டரை முழு சூட்டில், புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வேர்த்து கொட்டும். ஆனால் என்ஜின் சூட்டை அது இழுத்து வெளியே தள்ளும்.

3. முள் சிவப்பு கோட்டை தொட்டாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தி விடுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே, வீட்டுக்கு போய் பார்த்துக்கலாம்" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கட் போய்விடும்.

4. குறைந்தது அரை மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்கும் என்ஜின் மீது பச்சைத்தண்ணீரை ஊற்றக்கூடாது. உலோகம் விரிசல் விட்டு விடும்.

பல சின்ன கார்களில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான் வரும். அது எரிந்தால் நிலைமை முற்றி விட்டது என்று அர்த்தம். முள் உள்ள கார்களில், உச்சிக்கு போன முள் திடீரென்று கீழே விழுந்தாலும் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் மொத்தமும் வெளியேறி, சென்சார் காய்ந்து போய் தவறாக காட்டலாம்.

மூடியை திறந்தால் என்ன ஆகும்?

பிரஷர் குக்கர் மாதிரிதான் ரேடியேட்டரும். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரி செல்சியசை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியை திறந்த நொடியில் அழுத்தம் இறங்கி, தண்ணீர் ஆவியாக பீய்ச்சி அடிக்கும். துணியை சுற்றி திறந்தாலும் கை, முகம் தப்பாது.

மேல் ஹோஸ் பைப்பை பக்கத்தில் கை வைத்து பாருங்கள். சூடு முழுக்க இறங்கி, பைப் அமுங்கினால்தான் மூடியை தொட வேண்டும்.

யாராவது வெந்து விட்டால் குழாய் தண்ணீரில் 20 நிமிடம் காயத்தை காட்டுங்கள். டூத்பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் தடவாதீர்கள். காயம் பெரிதாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கு என்றே தனி பிரிவு உள்ளது.

கோளாறு எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

* டிராபிக்கில் மட்டும் சூடாகி, வண்டி ஓடினால் முள் இறங்கினால் மின்விசிறி மீது சந்தேகப்படலாம்.

* வேகமாக போகும்போதும் சூடு ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றை பார்க்க வேண்டும்.

* வண்டிக்கு கீழே தண்ணீர் சொட்டினால் ஹோஸ் பைப் அல்லது பம்ப் ஒழுகலாம். ஏ.சி. தண்ணீர் நிறம் இல்லாமல் இருக்கும். கூலன்ட் பச்சை, சிவப்பு என கலராக இருக்கும்.

* சைலன்சரில் வெள்ளை புகை விடாமல் வந்து, என்ஜின் ஆயில் பால் காபி கலரில் மாறினால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். டோ செய்து கொண்டு போங்கள்.

மின்விசிறியை சோதிப்பது சுலபம். என்ஜினை ஓட விட்டு ஏ.சி.யை போட்டால் சிறிது நேரத்தில் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸ், அடுத்து ரிலேயை பாருங்கள். பல கார்களில் ஹாரன் ரிலேயும் பேன் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றே என்று உறுதியானால் மாற்றி போட்டு பார்க்கலாம். என்ஜினை நிறுத்திய பிறகும் பேன் தானாக சுற்றும் என்பதால் விரலை கிட்டே கொண்டு போகாதீர்கள்.

போர் தண்ணீர் வேண்டாம்

சென்னையில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கிறது. வாளியில் வெள்ளை படலம் பிடிப்பது போல ரேடியேட்டர் குழாய்களிலும் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஊற்றினாலும், பிறகு அதை வடித்து விட்டு கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்ற வேண்டும். ரெடிமேட் கூலன்ட் என்றால் தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. ரிசர்வ் டேங்கில் மினிமம், மேக்சிமம் கோடுகளுக்கு நடுவே அளவு இருந்தால் போதும்.

பேட்டரியை தின்னும் வெயிலும் உப்புக்காற்றும்

வெயில் காலத்தில் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் குறையும். பட்டினப்பாக்கம், சாந்தோம், பெசன்ட்நகர் போன்ற கடலோர பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்ந்து எர்த் ஒயர்களையும் டெர்மினல்களையும் அரிக்கிறது. சாவியை திருப்பினால் "டக் டக்" என்று சத்தம் மட்டும் வந்தால் முதலில் டெர்மினலை பாருங்கள்.

வெள்ளையாக பூத்திருந்தால் முதலில் மைனஸ், பிறகு பிளஸ் ஒயரை கழற்றுங்கள். வென்னீரில் ஆப்ப சோடா கலந்து கழுவி, துடைத்து, வாசலின் தடவுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. அதில் வரும் வாயு வெடிக்கும்.

மல்டிமீட்டர் வைத்து பார்த்தால் என்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட், ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐ தாண்டினால் ஆல்டர்னேட்டர் அதிகமாக சார்ஜ் செய்கிறது. அழுகிய முட்டை நாற்றம், பேட்டரி உப்புவது எல்லாம் இதன் அறிகுறி.

பியூசுக்கு பதில் கம்பியா?

பியூஸ் போனால் செம்புக் கம்பியையோ, சிகரெட் பெட்டி ஜிகினா தாளையோ சுற்றுவது பழைய பழக்கம். பியூஸ் உருகினால் 10 ரூபாயோடு போகும். கம்பி உருகாது, ஒயர் உருகும். கார் தீப்பிடிக்க இது ஒன்றே போதும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எந்த கலர் போனதோ அதே கலரைத்தான் போட வேண்டும். திரும்ப திரும்ப போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ரிலே இல்லாமல் மாட்டிய பெரிய லைட், ஒயரை வெட்டி ஒட்டிய ஊபர் ஆகியவையும் வெயிலில் வேலையை காட்டும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ, 2023 மிச்சாங் புயலிலோ மூழ்கிய வண்டியா என்று விசாரிப்பது நல்லது. ஒயர் இணைப்புகளில் பச்சை துரு இருந்தால் உஷார்.

புகை வந்தால்

ஒயர் கருகும் வாடை வந்தால் ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்தி, எல்லோரும் இறங்கி தள்ளி நில்லுங்கள். பானெட்டை முழுசாக திறக்காதீர்கள். காற்று புகுந்தால் தீ குபீரென்று எழும். 101 அல்லது 112 எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

வாரம் ஒரு நாள், காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவு, ஹோஸ் பைப், பேட்டரி டெர்மினல், மின்விசிறி நான்கையும் பாருங்கள். 5 நிமிட வேலைதான். உதிரி பாகம் வேண்டும் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசும், புதுப்பேட்டையில் பழசும் கிடைக்கும். ஆனால் ரேடியேட்டர் மூடி, ஹோஸ் பைப், பியூஸ் மூன்றையும் பழசாக வாங்காதீர்கள். கத்திரி வெயிலில் வண்டியை நடுரோட்டில் நிற்க வைப்பது பெரும்பாலும் இந்த மாதிரி சில்லறை சாமான்கள்தான்.