நிப்பர்: இசைத்தட்டில் இடம்பெற்ற நாய்

கிராமபோன் குழலின் முன் அமர்ந்து தலையைச் சாய்த்துக் கேட்கும் நாயை, பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகள் வைத்திருப்போர் அறிவர். அது கற்பனை நாய் அன்று. நிப்பர் என்னும் பெயருடைய அந்நாய் 1884இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. நாடக அரங்கத் திரைச்சீலைகள் தீட்டிவந்த மார்க் பராட் அதனை வளர்த்தார். 1887இல் அவர் மறைந்தபின், ஓவியரான சகோதரர் பிரான்சிஸ் பராட் அதனைத் தம் வீட்டுக்குக் கொண்டு சென்றார். 1895இல் நிப்பர் இறந்தது. படம் வரையப்பட்டது அதற்குப் பிறகே.

இறந்த எசமானின் குரலைத்தான் நாய் கேட்கிறது என்றொரு கதை வழங்குகிறது. உருக்கமான கதைதான், ஆண்டுகள்தாம் இடிக்கின்றன. மெழுகு உருளையில் குரல் பதியும் போனோகிராப் வீடுகளுக்குப் பரவியது மார்க் மறைந்த பின்னரே.

பிரான்சிஸ் முதலில் வரைந்தது போனோகிராப்பையே. 1899இல் படத்துக்கு மாதிரியாகப் பித்தளைக் குழல் ஒன்றை இரவல் கேட்டு, லண்டனிலுள்ள கிராமபோன் கம்பெனிக்குச் சென்றார். தங்கள் கிராமபோனை அதில் வரைந்து தந்தால் படத்தையே வாங்கிக்கொள்வதாக அங்குச் சொன்னார்கள். அவ்வாறே மாற்றினார். படத்துக்கு 50 பவுண்டு, உரிமைக்கு 50 பவுண்டு கிடைத்தன.

இந்த மாற்றம் சிறியதன்று. போனோகிராப் பாடவும் செய்யும், பதியவும் செய்யும். தாத்தாவின் பேச்சையும் பேரனின் மழலையையும் வீட்டிலேயே பிடித்து வைக்கலாம். கிராமபோனோ கடையில் வாங்கிய தட்டை மட்டுமே பாடும். புதிய படத்திலுள்ள கருவிக்குள் எசமானின் குரல் புக வழியே இல்லை! ஆயினும் 'எசமானின் குரல்' என்ற பெயரே நிலைத்தது, ஹெச்.எம்.வி. என்பது அதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம். மூல ஓவியத்தின் மேற்பூச்சுக்கு அடியில் பழைய போனோகிராப்பின் வடிவம், தக்க வெளிச்சத்தில், இன்றும் தெரியும்.