வயற்கல்

வயற்கல் என்பது நிலத்தின் மேற்பரப்பிலோ மேல்மண்ணிலோ இயற்கையாகக் கிடைக்கும், உளிபடாத கல் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் வீட்டுத் தோட்டங்களின் தாழ்சுவர், படி, பாத்தி விளிம்பு முதலியவற்றுக்கு இது பயன்படுகிறது. அங்குள்ள கற்கள், சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் உருகிப் பின்வாங்கிய பனிப்படலம் விட்டுச்சென்றவை. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரியும்போது இவை சிறிது சிறிதாக மேலெழுகின்றன. எத்தனை பொறுக்கினாலும் அடுத்த இளவேனிலில் புதியவை தலைகாட்டும். உழவர்கள் அவற்றை வயலோரச் சுவர்களாக அடுக்கினர்.

தோட்டச் சுவரும் பெரும்பாலும் சாந்தின்றியே அடுக்கப்படுகிறது. இடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடுவதால் உறைபனி அதைப் பிளப்பதில்லை.

கற்பாசி படர்ந்த பழங்கல்லையே பலரும் விரும்புகின்றனர். அது படரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால், பழைய பண்ணைச் சுவர்களைப் பிரித்து விற்பதும் திருடுவதும் நிகழ்கின்றன. நியூ ஹாம்சயர் மாநிலத்தில் பிறரது சுவர்க்கல்லை எடுத்தவர், சுவரை மீட்டமைக்கும் செலவைப்போல் மும்மடங்கு இழப்பீடு தர நேரும்.