மருந்தே நோயான கதை

நோயைத் தணிக்க வந்த மருந்தே அந்நோயை வளர்க்கும் காரணமாவதும் உண்டோ? உண்டு என்பதற்கு ஒற்றைத் தலைவலியின் வரலாறு சான்று பகர்கின்றது.

ஐரோப்பாவில் ‘ரை’ என்னும் தானியத்தின் கதிரை எர்காட் என்றொரு பூஞ்சணம் பற்றுவதுண்டு. இடைக்காலத்தில் அத்தானியத்தை உண்ட மக்கள் பலர் கைகால் அழுகி மாண்டனர். அந்நஞ்சிலிருந்தே 1918ஆம் ஆண்டில், ஸ்விட்ஸர்லாந்தின் பாசல் நகரில், ஆர்தர் ஸ்டோல் என்னும் ரசாயன அறிஞர் எர்கோடமைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளில் அது ஒற்றைத் தலைவலிக்குச் சிறந்த மருந்தெனப் பெயர் பெற்றது. விரிந்து துடிக்கும் இரத்தக் குழாயை அது சுருக்கும்போது வலியும் தணிகிறது என்பதை, 1938இல் அமெரிக்க மருத்துவர்களான கிரஹாமும் உல்ஃபும் அளந்து காட்டினர்.

ஆனால், எப்போதோ வந்த வலி சிலருக்கு நாள்தோறும் வரலாயிற்று. நோய் முற்றியது என்றெண்ணி மேலும் மருந்துண்பது மனித இயல்பன்றோ? மருந்தின் தாக்கம் குறையக் குறைய வலி மீண்டது. வலி மீள மீள மருந்தும் பெருகிற்று. 1951இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த பீட்டர்ஸ், ஹார்ட்டன் ஆகிய இருவரும், எர்கோடமைனை மிகுதியாக உண்டு வந்தவர்களைப் பற்றி எழுதினர். மருந்தை நிறுத்தியதும் முதலில் வலி கடுமையாயிற்று. அந்நாட்களைக் கடந்தபின் தலைவலி குறைந்தது. வலியை வளர்த்தது மருந்தே என்பது அப்போது புலனாயிற்று.

இக்குற்றம் ஒரு மருந்துக்கு மட்டும் உரியதன்று. சாதாரண வலிநிவாரணி மாத்திரைகளும், 1990களில் பரவிய டிரிப்டான் வகை மருந்துகளும் இவ்வாறே செய்யக்கூடும் எனப் பின்னர் அறியப்பட்டது. மூட்டுவலிக்காக அன்றாடம் மாத்திரை உண்போர் பலருக்கு இத்தொல்லை வருவதில்லை. தலைவலி இயல்பு உடையோரையே இது பெரிதும் பற்றுகின்றது.

சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாடு இதற்கோர் எல்லை வகுத்துள்ளது. சாதாரண மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமலும், எர்கோடமைன், டிரிப்டான், கூட்டு மருந்துகள் ஆகியவற்றை 10 நாட்களுக்குக் குறையாமலும், 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உண்பது மிகையாகும்.

மாணவர்களே, தேர்வுக் காலத்தில் தலை வலித்தவுடன் மாத்திரையைத் தேடுவோர் உங்களுள்ளும் இருப்பர். வலித்த நாளையும் மாத்திரை உண்ட நாளையும் ஏட்டில் குறித்து வாருங்கள். எண்ணிக்கை ஏறுமாயின் அவ்வேட்டுடன் மருத்துவரை அணுகுங்கள். நெடுநாள் உண்ட மருந்தை நீங்களாகவே திடீரென நிறுத்துவதும் தகாது. அளவறிந்து உண்ணும்வரையே மருந்து மருந்தாகும்.